சோலார், கீசர், கேஸ், ராடு: சேர்த்துப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியில் சோலார், குளியலறையில் கீசர், அவசரத்துக்கு ஹீட்டர் ராடு, கொல்லையில் விறகு எரிக்கும் செம்பு பாய்லர் என்று ஒரே வீட்டில் வெந்நீருக்கு இரண்டு மூன்று வழி இருப்பது சாதாரணம். தனித்தனியாக ஒழுங்காக ஓடுபவை, ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் தகராறு செய்யும்.

சோலார் டேங்கிலேயே இருக்கும் எலக்ட்ரிக் பேக்கப்பை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதில் தொடங்கலாம். 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 7 யூனிட் ஆகும். காலையில் செலவாவது 50, 60 லிட்டர். மிச்சம் சூடாகவே டேங்கை அடைத்துக்கொண்டிருக்கும். அன்றைய வெயில் வீண். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்கள் தவிர அந்த பேக்கப்பின் எம்சிபி (மெயின் போர்டில் இருக்கும் சுவிட்ச்) ஆஃபிலேயே இருக்கட்டும்.

அதைவிட நல்ல ஏற்பாடு, சோலார் லைனை 15 லிட்டர் கீசரின் இன்லெட்டில் கொடுப்பது. தெர்மோஸ்டாட்டை 50-ல் வைத்து, குளிக்கப் போகும் முன் மட்டும் சுவிட்ச் போடுங்கள். மேலிருந்து 35 டிகிரியில் தண்ணீர் வந்தால், 15 லிட்டருக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆனால் சித்திரை வெயிலில், வீட்டில் ஆள் இல்லாமல் நான்கு நாள் கிடந்த சோலார் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே லைன் முழுக்க சூடு தாங்கும் சிபிவிசி பைப். சாதாரண பிவிசி நெளிந்து ஜாயின்ட் விட்டுவிடும். கீசரை ஒதுக்கிவிட்டு நேராகக் குழாய்க்குத் தண்ணீர் போக மூன்று வால்வு வைத்த பைபாஸும் வேண்டும்.

கேஸ் கீசருக்கு இந்த ஏற்பாடு ஆகாது. விலை குறைந்தவற்றில் தீ தானாகக் குறையாது. வருகிற தண்ணீரோடு இருபது, இருபத்தைந்து டிகிரியைக் கூட்டித்தான் தரும். 45-ல் உள்ளே போனால் 70-ல் வெளியே வரும், தோல் வெந்துவிடும். கேஸ் கீசருக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர் லைன், தனிக் குழாய். அதை மாட்ட வேண்டிய இடம் குளியலறைக்கு வெளியே, காற்றாட. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

சூடேறும்போது கீசரின் சேஃப்டி வால்வு சொட்டுவதைப் பார்த்து அதை அடைத்துவிடுகிறார்கள். விரிகிற தண்ணீருக்கு இருக்கும் வழி அது. இன்லெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) உள்ள கீசரில் சேஃப்டி வால்வையும் அடைத்தால் டேங்க் வெடிக்கவும் கூடும். சொட்டுகிற தண்ணீரைச் சின்ன டியூப் வைத்து வடிகாலுக்கு விட்டால் போதும். சோலார் டேங்கில் காற்றும் ஆவியும் வெளியேறும் ஏர் வென்ட் பைப்புக்கும் இதே கதைதான். அதன் வாய் திறந்தே இருக்க வேண்டும், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே.

“வெயில் கொளுத்துகிறது, சோலார் சூடே வரவில்லை” என்ற புகாரில் பல நேரம் குற்றவாளி, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் டேப். பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருந்தால், மிக்ஸர் வழியே அது வெந்நீர் லைனுக்குள் ஏறிவிடும். சில வீடுகளில் மாடி வரை போய் வென்ட்டில் வழியும். கண்டுபிடிப்பது சுலபம். மாடியில் சோலாரின் அவுட்லெட் வால்வை மூடிவிட்டு, கீழே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். பைப்பில் நின்றது வடிந்த பிறகும் தண்ணீர் வந்தால் எங்கோ கலக்கிறது. மிக்ஸர்களுக்கான ஆங்கிள் வால்வுகளை (சுவரில் இருக்கும் சின்ன மூடு வால்வுகள்) ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடியதும் நிற்கிறதோ அதுதான். அங்கே வெந்நீர்ப் பக்கம் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீரும். பம்பின் தண்ணீரைச் சோலார் டேங்குக்கே கொடுத்துவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். பிரஷர் தாங்கும் வகை இல்லாத டேங்க் பிளந்துவிடும்.

ராடு 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகாதீர்கள். கீசரும் ராடும் ஒரே லைனில் சேர்ந்து ஓடினால் 15 ஆம்பியர், ஒயர் சுடும். இரும்பு வாளி வேண்டாம். சூடு பார்க்க விரல் விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ராடே வேண்டாம்.

கேஸா கரண்டா என்ற கணக்குக்கு ஒரு சுருக்குவழி உண்டு. 14.2 கிலோ சிலிண்டர் கொடுக்கும் வெந்நீர், கீசரில் சுமார் 140 யூனிட்டுக்குச் சமம். சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்து, உங்கள் கரண்ட் பில்லில் கடைசி ஸ்லாப்பின் (கட்டணப் படியின்) யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் கூடுகிறது. 480 யூனிட்டில் நிற்கிறவர்கள் கடைசி வாரம் கேஸுக்கு மாறுவது லாபம்.

விறகு பாய்லரை மூடிய பைப் லைனோடு இணைக்கவே கூடாது. ஆவி வெளியேற வழி வேண்டும். தண்ணீர் நிரப்பாமல் பற்றவைத்தால் ஒட்டுப்போட்ட இடம் விட்டுவிடும். மழைநாளில் சோலாரில் வருகிற 35 டிகிரித் தண்ணீரையே பிடித்து பாய்லரில் ஊற்றுங்கள். 25-லிருந்து 45-க்கு ஏற்ற வேண்டிய வேலை பாதியாகும், விறகும் பாதி.