தற்காப்பில் எதிராளிக்குக் காயம் பட்டால்: அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் பலர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் பெரும்பாலும் தீ, புயல், கூரை பற்றிய பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் 'கவரேஜ் ஈ' என்ற தனிநபர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது. உங்களால் காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் வக்கீல் வைத்து வாதாடுவதும், வரம்புக்குள் தொகையைக் கட்டுவதும் இதன் வேலை. தாக்க வந்தவரைத் தடுக்கப்போய் அவருக்குக் காயம் பட்டாலும் இது கைகொடுக்குமா? பாலிசியில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அது. அந்த வாக்கியத்தைத் தேடிப் பார்க்காததுதான் பெரிய தவறு.

தெரிந்தே விளைவித்த காயத்துக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு வழக்கமாக எல்லாப் பாலிசியிலும் உண்டு. வீட்டுக் காப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படும் எச்.ஓ-3 என்ற மாதிரிப் படிவத்தின் 2011 பதிப்பு, ஆட்களையோ சொத்தையோ காக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியதால் வந்த காயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. சில அந்த வரியை எடுத்துவிடுகின்றன. சில, அடிதடிக்கே தனி விலக்கைப் பின்னிணைப்பாகச் சேர்க்கின்றன. வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2009இல் டெல்காடோ வழக்கில் தந்த தீர்ப்பைப் பார்க்கலாம்: தற்காப்பு தேவை என்று தவறாக நம்பி அடித்தாலும் அந்த அடி 'விபத்து' ஆகாது. விபத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும் பாலிசி அங்கே உதவவில்லை. ஆகவே சுருக்கப் பக்கத்தை நம்பாமல், பின்னிணைப்புகளோடு முழுப் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டின் விளக்கத்தை எழுத்தில் பெறுங்கள்.

அந்த வரி இருந்தாலும் அது சிவில் வழக்குக்கு மட்டுமே. கைது, ஜாமீன், குற்றவழக்கு வக்கீல் எல்லாம் உங்கள் செலவு. இதற்கென விற்கப்படும் தனித் திட்டங்களும் எல்லா மாநிலத்திலும் செல்லாது. துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வின் 'கேரி கார்ட்' திட்டத்தை நிர்வகித்த லாக்டன் நிறுவனத்துக்கு 2018இல் நியூயார்க் நிதிச் சேவைத் துறை 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

ஃப்ளோரிடாவில் சட்டமே காப்பாற்றும் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. அங்கே 776.032ஆம் பிரிவு நியாயமான தற்காப்புக்குச் சிவில் வழக்கிலிருந்தும் விலக்களிப்பது உண்மை. ஆனால் யார்மீது பலம் பயன்படுத்தப்பட்டதோ அவரும் அவருடைய வாரிசுகளும் தொடுக்கும் வழக்கைத்தான் அது தடுக்கிறது. குண்டு தவறிப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நிலைநாட்டவும் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். அதற்கும் வக்கீல் வேண்டும்.

சம்பவத்துக்குப் பிறகு இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் வழக்கு வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தாமதமான தகவலைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க இடம் கொடுக்கிறார்கள். வேறு சிலர் மறுநாளே நிறுவனத்தை அழைத்து, ஒலிப்பதிவில் நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிவு பிறகு அரசு வக்கீலின் கைக்குப் போகலாம். நாள், இடம், சம்பந்தப்பட்டவர்கள் யார் என்பதை மட்டும் எழுத்தில் உடனே தெரிவித்துவிட்டு, விரிவான வாக்குமூலத்தைக் குற்றவழக்கு வக்கீலைக் கலந்த பிறகு கொடுப்பதே சரி. ஒத்துழைக்க மறுப்பதாகத் தோன்றக் கூடாது, ஏனென்றால் ஒத்துழைப்பும் பாலிசியின் நிபந்தனை. உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறோம் என்று நிறுவனம் கடிதம் அனுப்பினால் அதை ஓரமாக வைக்காதீர்கள். பின்னால் பணம் தர மறுக்கலாம் என்பதே அதன் பொருள். கலிபோர்னியா போன்ற இடங்களில், நலன்கள் மோதும் சில சூழ்நிலைகளில், நிறுவனத்தின் செலவிலேயே உங்களுக்கெனத் தனி வக்கீலைக் கேட்கும் உரிமையும் உண்டு.

ஒரே வீட்டில் வசிக்கும் உறவினருக்குக் காயம் பட்டால் கவரேஜ் ஈ பொதுவாகப் பொருந்தாது. அவரும் காப்பீடு பெற்றவராகவே கருதப்படுவார். வரம்பையும் பாருங்கள். பழைய பாலிசிகளில் 1,00,000 டாலரே இருக்கும். அதை 3,00,000 அல்லது 5,00,000 ஆக உயர்த்திக் கூடுதலாக அம்ப்ரெல்லா பாலிசி (வீட்டுக் காப்பீட்டின் வரம்புக்கு மேல் போகும் நஷ்டஈட்டுக்கானது) எடுக்கிறீர்கள் என்றால், நியாயமான பலம் பற்றிய அதே வாக்கியம் அதிலும் இருக்கிறதா என்று தனியே சரிபாருங்கள்.