இரண்டாவது முன்மாதிரிக்கு நேரம் ஒதுக்குங்கள்: நடுநிலை வகுப்புகளில் செயல்திட்டமும் வடிவமைப்பும்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பாடத்தை நடத்தி முடித்த பிறகு ஒரு தலைப்பு தரப்படுகிறது, மாணவர்கள் வீட்டில் ஒரு மாதிரியைச் செய்து, அல்லது பெரியவர்களைக் கொண்டு செய்வித்து, குறித்த நாளில் கொண்டுவந்து வைக்கிறார்கள், மதிப்பெண் போடப்படுகிறது, மறுவாரமே அது அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. இதைக் கைவேலை என்று சொல்லலாம். செயல்திட்டவழிக் கற்றல் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வகப் பள்ளியிலும், அவரிடம் பயின்ற வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் வலியுறுத்தப்பட்டது வேறொன்று: மாணவர் தமக்கென ஒரு நோக்கத்தை ஏற்று முழுமனத்தோடு ஈடுபடும் வேலையின் ஊடாகவே கற்றல் நிகழ வேண்டும்.

இதனோடு வடிவமைப்பும் சேரும்போது மேலும் ஒரு நிபந்தனை வந்துவிடுகிறது. செய்யப்படும் பொருள் ஒரு மனிதருக்குப் பயன்பட வேண்டும். அது பயன்பட்டதா என்பதை ஆசிரியர் அல்ல, அந்த மனிதரே சொல்ல வேண்டும். அவ்வாறு சோதித்தால் மாணவர்களின் முதல் முயற்சி பெரும்பாலும் தோற்றுவிடும். ஏன் தோற்றது என்று கண்டுபிடித்து மறுபடி செய்யும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. ஆனால் பள்ளிகளில் முதல் முயற்சி முடிவதற்குள்ளேயே காலம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே எந்தச் செயல்திட்டத்தையும் இரண்டாவது முன்மாதிரிக்குரிய (முன்மாதிரி என்பது பயன்படுத்திச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்யும் மாதிரிப் பொருள்) நாட்களை முதலில் ஒதுக்கிவிட்டு, பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் மையமான ஆலோசனை.

பாடவேளைக் கணக்கு

வாரத்துக்கு 45 நிமிடப் பாடவேளை இரண்டு என்று வைத்தால், ஆறு வாரங்களில் 12 பாடவேளைகள் கிடைக்கும். பயனரைச் சந்தித்துக் கவனிக்க 2, சிக்கலை எழுத 1, யோசனைகளை வரைய 1, முதல் முன்மாதிரிக்கு 2, சோதனைக்கு 1, கருத்துப் பரிமாற்றத்துக்கும் அறிவியல் விளக்கத்துக்கும் 1, இரண்டாவது முன்மாதிரிக்கு 3, பயனரிடம் கொடுத்துப் பார்க்க 1 என்று பிரிக்கலாம். முதல் முன்மாதிரியைவிட இரண்டாவதற்கு அதிக நேரம் தரப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். விடுமுறையாலோ தேர்வாலோ ஒரு பாடவேளை பறிபோனால், முதல் முன்மாதிரியின் நேரத்தைக் குறையுங்கள், இரண்டாவதில் கைவைக்காதீர்கள்.

சிக்கலைத் தேர்ந்தெடுத்தல்

‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்பது நல்ல முழக்கம், ஆனால் செயல்திட்டத்துக்கு உதவாது; ஏனெனில் அதைச் செய்து யாரிடம் கொடுத்து, சரியாக இருக்கிறதா என்று கேட்பது? சிக்கல் சிறியதாகவும், அதை அனுபவிப்பவர் மாணவர்களால் குறைந்தது இரண்டு முறை நேரில் சந்திக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அட்டை, குச்சி, துணி, ரப்பர் பேண்டு போன்ற எளிய பொருள்களால் ஒரு தீர்வைச் செய்துபார்க்க முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆண்டுப் பாடத்தில் உள்ள ஒரு கருத்து அச்சிக்கலுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு வாரங்கள் மகிழ்ச்சியாகக் கழியும், பாடம் மட்டும் அப்படியே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை எடுத்துச்செல்வோம்: கைகளில் வலுக் குறைந்த முதியவர்களுக்கு, இறுக மூடிய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பது கடினமாக இருக்கிறது. வகுப்பிலுள்ள பலருக்கு அத்தகைய முதியவர் ஒருவரைத் தெரிந்திருக்கும். தீர்வுக்குள் நெம்புகோலும் உராய்வும் இருக்கின்றன.

கேட்பதைவிடக் காட்டச் சொல்லுதல்

மாணவர்கள் முதியவரிடம் சென்று, ‘உங்களுக்கு எப்படிப்பட்ட கருவி வேண்டும்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தடுத்துவிடுங்கள். கருவியை யோசிப்பது மாணவர்களின் வேலை. சிரமத்தைக் காட்டுவது மட்டுமே முதியவரின் வேலை. ‘கடைசியாக எப்போது பாட்டிலைத் திறந்தீர்கள்? இப்போது ஒருமுறை திறந்து காட்ட முடியுமா?’ என்று கேட்டுவிட்டு அமைதியாகப் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போதும்: கண்ணால் கண்டது, காதால் கேட்டது, நாங்களாக ஊகித்தது. மூன்றாவது பத்தியைத் தனியாகப் பிரிப்பது இந்த வயதினருக்கு எளிதன்று. ‘அவருக்கு வலிக்கிறது’ என்று முதல் பத்தியில் எழுதிவிடுவார்கள். ‘நீ வலியைப் பார்த்தாயா, முகச்சுளிப்பைப் பார்த்தாயா?’ என்று ஒருமுறை கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் தீர்வு இருக்கக் கூடாது. ‘பாட்டில் திறக்கும் கருவி தேவை’ என்பது தீர்வை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. ‘விரல்களை முழுமையாக மடக்க முடியாத ஒருவருக்கு, கை ஈரமாக இருக்கும்போது மூடியில் பிடிமானம் கிடைப்பதில்லை’ என்பது பல வழிகளைத் திறந்துவைக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்காக 45 நிமிடம் செலவானாலும் அது வீணன்று.

யோசனைகள்: முதலில் தனியாக

கூடி யோசித்தால் அதிக யோசனைகள் வரும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டியது: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதால், தனித்தனியாக யோசித்துப் பின்னர் தொகுத்தவர்களிடமே அதிக யோசனைகள் கிடைத்தன. வகுப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உரக்கப் பேசும் ஒரு மாணவரின் முதல் யோசனையே குழுவின் யோசனையாகிவிடும். எனவே ஒரு தாளை ஆறாக மடித்து, பத்து நிமிடம் யாரும் பேசாமல், ஒரு கட்டத்துக்கு ஒன்றாக ஆறு படங்களை ஒவ்வொருவரும் வரையட்டும். நான்காவது கட்டத்துக்கு மேல் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். காத்திருங்கள், வழக்கமான விடைகள் தீர்ந்த பிறகு வரும் ஐந்தாவது, ஆறாவது படங்கள்தான் பெரும்பாலும் சுவையானவை.

குழுவுக்கு மூவர் அல்லது நால்வர் போதும். குறிப்பேடு மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்; ஒருவர் உழைக்க மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் பழக்கத்தைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் ஆசிரியர்கள் ஆர்வத்தில் செய்யும் ஒரு தவறு, கடையில் கிடைக்கும் கருவிகளின் படங்களைக் காட்டிவிடுவது. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், முன்னரே ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்த வடிவமைப்பாளர்கள் அதன் கூறுகளையும், அதிலிருந்த குறைகளையும்கூடத் தம் வடிவமைப்புகளில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூட்டுவலியால் அவதிப்பட்ட மனைவிக்காக யோசிக்கத் தொடங்கிய சாம் ஃபார்பர், 1990இல் தடித்த, மென்மையான கைப்பிடி கொண்ட ஆக்ஸோ சமையலறைக் கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த கதை இந்தச் செயல்திட்டத்துக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் அதை முதல் முன்மாதிரி முடிந்த பிறகே சொல்லுங்கள். தாமே ஒரு கைப்பிடியோடு போராடியவர்களுக்கு அக்கதையில் காதில் விழுவது வேறு.

முதல் முன்மாதிரி அழகாக இருக்கக் கூடாது

அட்டை, பசைநாடா, ரப்பர் பேண்டு, குச்சி. இவ்வளவுதான் தர வேண்டும். வண்ணத்தாள் கூடாது, வீட்டுக்கு எடுத்துச்செல்லவும் கூடாது. மூன்று நாள் உழைத்து அழகுபடுத்திய பொருளைப் பிரித்து மாற்ற எந்தக் குழந்தைக்கும் மனம் வராது. அரைமணி நேரத்தில் ஒட்டிய அட்டையைத் தயக்கமில்லாமல் கிழிப்பார்கள். வீட்டுக்குப் போகாததால் பெற்றோரின் கைவண்ணமும் அதில் ஏறாது. சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில்களைத் தவிர்த்து, பிளாஸ்டிக் பாட்டில்களையே பயன்படுத்துங்கள்.

சோதனை நாளில் ஒரே ஒரு விதி: முதியவர் கருவியைப் பயன்படுத்தும்போது அதைச் செய்தவர்கள் பேசக் கூடாது. ‘இப்படிப் பிடிங்க’ என்று ஒரு சொல் சொன்னாலும், கருவி சொல்ல வேண்டியதை மாணவர் சொல்லிவிடுகிறார். ஒவ்வொருவரும் ஐந்து முறை திறந்து பார்க்கட்டும். எத்தனை முறை திறந்தது, எத்தனை நொடி ஆனது, எங்கே வழுக்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் எதிர்பார்க்கக்கூடிய தோல்விகள் மூன்று. நீளமான கைப்பிடி வைத்திருப்பார்கள், ஆனால் அட்டை மூடியின் மேல் வழுக்கிச் சுழலும். அல்லது மூடியை நன்றாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் கைப்பிடி மடங்கிவிடும். மூன்றாவது, யாருமே எதிர்பாராதது: மூடியோடு சேர்ந்து பாட்டிலும் சுழலும். திறப்பதற்கு இரண்டு கைகள் வேண்டும், இன்னொரு கையும் வலுக் குறைந்ததுதான் என்பதைச் சந்திப்பின்போது ஒருவரும் குறித்திருக்க மாட்டார்கள். அப்போது அந்தக் குழு சிக்கல் வாக்கியத்தையே திருத்தி எழுதட்டும். அதைத் தோல்வியாகக் கொள்ளாதீர்கள், ஆறு வாரங்களில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கண்டுபிடிப்பு அதுவாக இருக்கலாம்.

பாடம் நடத்த வேண்டிய நேரம்

மாணவர்கள் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசிரியர் ஒதுங்கி நிற்பது இம்முறையைப் பற்றிய தவறான புரிதல். கல்வி உளவியலாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006இல் எழுதிய விமர்சனம் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது: ஒரு துறைக்குப் புதியவர்களை வழிகாட்டலின்றி விட்டால், தேடலிலேயே அவர்களின் செயல்நினைவு (அந்த நேரத்தில் மனம் கையாளும் சிறிதளவு நினைவு) நிறைந்துவிடுகிறது, கற்பதற்கு இடம் மிஞ்சுவதில்லை. அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். நேரடியாகக் கற்பிக்கத்தான் வேண்டும். எப்போது என்பதே கேள்வி. முதல் சோதனை முடிந்து, இரண்டாவது முன்மாதிரி தொடங்குவதற்கு முன்னால் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 15 மில்லிமீட்டர். மூடியின் மையத்திலிருந்து 90 மில்லிமீட்டர் தொலைவில் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால், அதே திருப்புவிளைவுக்கு (மூடியைச் சுழற்றும் விளைவுக்கு) ஆறில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் கை ஆறு மடங்கு தொலைவு நகர வேண்டும். கைப்பிடி எவ்வளவு நீண்டாலும், மூடிக்கும் கருவிக்கும் இடையில் உராய்வு போதாவிட்டால் அந்த விசை மூடியைச் சென்றடையாது; உள்பக்கத்தில் ரப்பர் பேண்டைச் சுற்றினால் என்ன ஆகிறது என்று உடனே சோதிக்கலாம். முதல் வாரத்தில் இதையே கரும்பலகையில் எழுதியிருந்தால் தேர்வுக்கான சூத்திரமாக நின்றிருக்கும். இப்போது நேற்றைய தோல்விக்கு அது விடை.

அதே பாடவேளையின் மீதி நேரத்தில் குழுக்கள் ஒன்றன் முன்மாதிரிக்கு மற்றொன்று கருத்துச் சொல்லட்டும். அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் இதற்குப் பரப்பிய மூன்று நெறிகள் எளியவை: கருத்து அன்பாக இருக்க வேண்டும், குறிப்பிட்டதாக இருக்க வேண்டும், உதவ வேண்டும். ‘சூப்பராக இருக்கிறது’ என்பது அன்பானது மட்டுமே. ‘கைப்பிடி மூடியோடு சேரும் இடத்தில் மடங்குகிறது, அங்கே அட்டையை இரண்டாக ஒட்டிப் பாருங்கள்’ என்பதில் மூன்றும் உண்டு. முதல் கருத்தை ஆசிரியரே சொல்லிக் காட்டுவது நல்லது.

இரண்டாவது முன்மாதிரியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி தேவையில்லை. மரக்குச்சி, துணி, ரப்பர் தாள் போன்ற உறுதியான பொருள்களை இப்போது தரலாம்.

மதிப்பெண்

100க்கு, தனிக் குறிப்பேட்டுக்கு 40, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வந்த மாற்றங்களின் காரணங்களுக்கு 30, சோதனைப் பதிவுகளுக்கு 20, கருவி வேலை செய்வதற்கு 10 என்று வைக்கலாம். தோற்றத்துக்கு எதுவும் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். வண்ணத்தாள் கேட்டு வருபவர்களின் எண்ணிக்கை குறையும். இரண்டாவது கருவி முதலாவதைவிட மோசமாக வேலை செய்து, அதன் காரணத்தைச் சோதனைப் பதிவுகளோடு சரியாக விளக்கும் குழு 90 வரை பெறலாம்; அது சரிதானா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், சரிதான் என்றே நினைக்கிறேன்.

கடைசிப் பாடவேளையில் முதியவர்கள் இரண்டாவது கருவியைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, மூன்றாவது முன்மாதிரி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவோம் என்பதை ஒவ்வொரு குழுவும் ஒரே வரியில் எழுதிக் கொடுக்கட்டும். அந்த வரிகளைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டு இதே சிக்கலை எடுத்துக்கொள்ளும் வகுப்பிடம், அவர்கள் தங்கள் முதல் முன்மாதிரியைச் சோதித்து முடித்த அன்று கொடுங்கள்.