பழைய எச்டிஎம்எல் பழக்கத்தோடு திரும்பி வருகிறீர்களா?

2003 வாக்கில் நோட்பேடில் எச்டிஎம்எல் (வலைப்பக்கத்தைக் கட்டும் குறிமொழி) எழுதியவன் நான். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று, இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப். பல வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்தபோது, ‘நமக்குத் தெரிந்ததுதானே’ என்ற நினைப்புதான் காலை வாரியது. ஃபான்ட், சென்டர் டேக்குகளைத் தரத்திலிருந்து நீக்கி வெகு நாளாயிற்று. ஆனால் பிரவுசர் இன்னும் முகம் சுளிக்காமல் காட்டுகிறது. அதனால் தப்பு செய்கிறோம் என்றே தெரிவதில்லை.

முதல் தவறு, பழைய புத்தகத்தைத் தூசி தட்டுவது. எச்டிஎம்எல் 4.01 வந்தது 1999-இல். இப்போது பிரவுசர் நிறுவனங்களின் கூட்டமைப்பான வாட்விக், பதிப்பு எண் எதுவும் போடாமல் தரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. 2019-இல், முன்பு தரத்தை வெளியிட்டுவந்த டபிள்யூ3சி-யும் இதற்கு ஒத்துக்கொண்டது. ஆகவே ‘எச்டிஎம்எல் 6 எப்போது?’ என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் பாருங்கள், போதும்.

பக்க அமைப்புதான் அதிகம் படுத்தும் இடம். டேபிளை விட்டவர்கள்கூட, தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் பழைய உத்திகளான ஃப்ளோட், கிளியர்ஃபிக்ஸ் என்று பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சிஎஸ்எஸ் கிரிட் வந்துவிட்டது. டிஸ்ப்ளே கிரிட் என்று ஒரு வரி, செங்குத்துப் பத்திகளின் அகலத்துக்கு ‘1எஃப்ஆர் 3எஃப்ஆர் 1எஃப்ஆர்’ (எஃப்ஆர் என்றால் பங்கு) என்று இன்னொரு வரி. மூன்று பத்தி அமைப்பு தயார். மெனு போல ஒரே வரிசையில் போவதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ். இடைவெளிக்கு கேப். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக மனப்பாடம் செய்த குறுக்கு வழிகளையெல்லாம் மறந்துவிடலாம். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டே அதற்கு விடை கொடுத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டேபிள் என்றாலே பாவம் என்று நினைத்து, பஸ் நேர அட்டவணையைக்கூட டிவ் எனும் வெறும் பெட்டிகளாக உடைப்பது. தகவல் உண்மையிலேயே அட்டவணை என்றால் டேபிள்தான் சரி. எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதை, பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை வைத்துத்தான் சொல்லும்.

பக்க அகலத்தைத் திரைக்கேற்ப வைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியை மறந்தால், மொபைல் பிரவுசர்கள் பெரும்பாலும் பக்கத்தை 980 பிக்சல் அகலமென்று எடுத்துக்கொண்டு சுருக்கிவிடும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். பக்கத்தின் முதல் வரியான டாக்டைப்பை விட்டால் பிரவுசர் பழைய காலத்துக் கோளாறுகளையே நடித்துக் காட்டும். இரண்டும் ஒரு வரி வேலை.

அப்புறம் இந்த டிவ் மோகம். ஒரு டிவ்வுக்கு நிறம் பூசி, ஆன்கிளிக் போட்டு ‘பட்டன்’ என்கிறார்கள். மவுஸை நகர்த்தி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். அந்த ‘பட்டன்’ பக்கம் தேர்வு வளையம் எட்டியே பார்க்காது. என்டர் தட்டினாலும் அசையாது. நிஜமான பட்டன் டேக்கில் இதெல்லாம் இலவசம். ஒரு எச்சரிக்கை: ஃபார்முக்குள் இருக்கும் பட்டனின் இயல்பே சப்மிட்தான். வேறு வேலைக்கென்றால் அதன் டைப்பை பட்டன் என்று குறிப்பிடுங்கள். இது தெரியாமல், பக்கம் ஏன் தானாக ரீலோட் ஆகிறது என்று ஒரு மாலை முழுக்க ஜாவாஸ்கிரிப்டைக் குடைந்துகொண்டிருந்தேன். டேப் தட்டும்போது தெரியும் அந்த வளையம் அசிங்கமாக இருக்கிறதென்று அவுட்லைன் நன் போடாதீர்கள். கீபோர்டு மட்டுமே பயன்படுத்துபவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அதுதான்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, பாமினி எழுத்துருக்களில் எழுதிய பழைய பக்கத்துக்குப் புது ஸ்டைல் மட்டும் பூசிப் பயனில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கல், தேடலிலும் சிக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் தமிழ் என்று குறியுங்கள். ஆங்கிலப் பக்கத்திலிருந்து வரி உயரமான லைன்ஹைட் 1.2-ஐ அப்படியே எடுத்துவராதீர்கள். மேல் வரியில் இருக்கும் ‘ஞு’வின் வாலும் கீழ் வரியில் இருக்கும் ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். நான் 1.7 வைக்கிறேன்.