மெட்டீரியல்ஸ் துறைக்கு வருகிறவர்களுக்கு: படிப்பு, ஆய்வகம், மாலை ஆறு மணிக்கு மேல்

உலோகம் போன்ற பொருட்களின் உள்ளமைப்பையும் குணத்தையும் ஆராயும் இந்தத் துறைக்குள் நுழைய இரண்டு வழி உண்டு. ஒன்று, பி.இ. அல்லது பி.டெக். மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். இன்னொன்று, இயற்பியலிலோ வேதியியலிலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருவது. நான் முதல் வழியில் வந்தவள். சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று நம் ஊரிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் மெட்டலர்ஜிக்கு வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முதல் வருட லேப் பிடித்துப்போனால் போதும், மற்றது தானாக வரும்.

ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் கேட் தேர்வில் மெட்டலர்ஜிக்கு எம்.டி. தாள் இருக்கிறது, எக்ஸ்.இ. தாளிலும் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் ஒரு பகுதி. எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதில் ஒரு ஆள் கௌரவமாக வாழலாம்; வீட்டுக்கடனை அடைக்க முடியாது. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பிஎச்.டி.யில் சேராதீர்கள். ஐந்து வருடம் என்பது நீளமான காலம்.

சேர்ந்ததும் பெரிய மைக்ரோஸ்கோப்பைத் தேடி ஓடாமல், முதலில் கையைப் பழக்குங்கள். சாதாரணக் கார்பன் ஸ்டீலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, கையில் பிடிக்க வசதியாக பேக்கலைட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் பதித்துக்கொள்ளுங்கள். எமரி தாள், அதாவது உப்புத்தாள், 220-ஆம் எண்ணில் தொடங்கி 400, 600, 800, 1000 என்று வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்புங்கள்; முந்தைய தாள் போட்ட கோடு முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த தாள். நடுவில் துண்டை மட்டுமல்ல, கையையும் கழுவுங்கள். நகக்கண்ணில் ஒட்டிய ஒரே ஒரு சொரசொரப்பான துகள் அரைமணி நேர உழைப்பைக் கெடுத்துவிடும். அழுத்தித் தேய்த்தால் வேகமாக முடியும் என்று தோன்றும், ஆனால் மேற்பரப்பு நசுங்கிவிடும். அப்புறம் வெல்வெட் துணியில் அலுமினா கலவையோ வைரப் பசையோ போட்டு, முகம் தெரியும் வரை மெருகேற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் கோடு தெரிந்தால் துணியிலேயே தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு தாள் பின்னால் போங்கள்.

கடைசியில், உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரிவதற்காக நைட்டால், அதாவது ஆல்கஹாலில் 2 சதவீத நைட்ரிக் அமிலம். ஆல்கஹாலில்தான் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்க வேண்டும்; அதுவும் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள். மிச்சத்தை இறுக மூடி வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்தால் ஆபத்து. சில விநாடி நனைத்ததும் கண்ணாடிப் பளபளப்பு மங்கும். உடனே ஆல்கஹாலில் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். வெளுத்த ஃபெரைட் (கிட்டத்தட்ட தூய இரும்பு) மணிகளும், நடுநடுவே கறுத்த பியர்லைட்டும் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் மாறிமாறி அடுக்கிய பகுதி) தெரியும். இன்னும் பெரிதாக்கினால் பியர்லைட்டுக்குள் கைரேகை மாதிரி அடுக்கடுக்கான வரிகள். எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால், இது உங்கள் துறை.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அவரிடம் படித்து முடிக்கப்போகும் மாணவர்களைத் தனியாகப் பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? எஸ்.இ.எம். (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்), எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்ரே மூலம் படிக அமைப்பைப் பார்ப்பது) கருவிகள் அங்கேயே இருக்கின்றனவா, வெளியே முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டுமா? கருவி ரிப்பேர் ஆனால் சரிசெய்ய யார் வருவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் உங்கள் அடுத்த ஐந்து வருடம்.

படித்த பிறகு போக இடங்கள் நிறைய. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் 1948-இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகம், ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகம். கோவை வார்ப்பாலைகளையும் சென்னையைச் சுற்றியுள்ள வாகனத் தொழிற்சாலைகளையும் குறைவாக எண்ணாதீர்கள். உடைந்த ஒரு கியர் பல்லைக் கையில் கொடுத்து "ஏன் உடைந்தது?" என்று கேட்கும் வேலைக்கு ஈடாக வேறெதுவும் கற்றுத்தராது.

சரி, ஆய்வகத்துக்கு வெளியே? என் வேலை க்ரீப் சோதனை. ஸ்டீலைச் சூட்டில் வைத்து எடையைத் தொங்கவிட்டால் அது மெல்ல மெல்ல நீளும், அதை அளக்கிறோம். ஜப்பானில் 1969-இல் தொடங்கிய ஒரு சோதனை 2011 வரை ஓடியது. ஒரு லட்சம் மணி நேரம் என்றாலே பதினோரு வருடத்துக்கு மேல். இப்படிப்பட்ட வேலையில் ராத்திரி முழுக்க ஃபர்னஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் ஸ்டீல் வேகமாக நீளப்போவதில்லை. எடையை ஏற்றிய தொடக்கத்தில்தான் நீட்சி விறுவிறுவென்று மாறும். ஆள் வேண்டியது அப்போது. அதனால் எடை ஏற்றுவதைத் திங்கட்கிழமை காலையில் வையுங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் வேண்டாம். வெப்பநிலை எல்லை தாண்டினால் தானே அணையும் கட்-ஆஃப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஃபர்னஸ் கதவில் பெயர், வெப்பநிலை, முடியும் நேரம், போன் நம்பர் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

ஆறு மணிக்கு மேல் நான் ஷட்டில் ஆடப் போகிறேன். கூட ஆடுகிறவர்கள் ஒரு வங்கி ஊழியர், ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு நர்ஸ் அக்கா. அங்கே யாரும் என் ரிசல்ட்டைக் கேட்பதில்லை. சக ஆராய்ச்சியாளர்களோடு மட்டுமே பழகினால், சோதனை சொதப்பிய வாரம் முழுக்க அதே பேச்சுதான் காதில் விழும். எந்தப் பொழுதுபோக்காக இருந்தாலும் துறைக்குச் சம்பந்தமில்லாத மனிதர்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்தால் கதவு மூடிவிடவில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பெண் விஞ்ஞானிகளுக்காக நடத்தும் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. விண்ணப்ப அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். இடைவெளியிலும் பழைய கைடோடு தொடர்பை விடாதீர்கள். சோதனை அட்டவணையை வீட்டுக் காலண்டரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். எந்த வாரம் நீங்கள் லேட்டாக வருவீர்கள் என்று தெரிந்தால், அன்றைக்குச் சமையல் யார், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது யார் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடலாம்.