பாரிஸில் அறை எடுப்பதற்கு முன்

குன்னூரில் எங்கள் வீட்டு மாடியிலுள்ள இரண்டு அறைகளைச் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விட்டுவருகிறேன். தொலைபேசியில் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, ஊட்டி இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். 19 என்று சொன்னதும் அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், மே மாதச் சீசன் நெரிசலில் அருவங்காட்டைத் தாண்ட முடியாமல் வண்டிக்குள் இருந்தபடி என்னை அழைத்துப் புலம்புகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இதை அன்றாடம் பார்த்துவரும் நானே, பாரிஸுக்கு முதன்முறை போனபோது, வரைபடத்தில் ஐஃபல் கோபுரத்துக்கு எது பக்கம் என்று விரலால் அளந்துதான் அறையைத் தேர்ந்தெடுத்தேன்.

பாரிஸ் நகரம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர். அது 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. லூவ்ர் அருங்காட்சியகத்தை ஒட்டி முதல் வட்டாரம் தொடங்க, மற்றவை நத்தை ஓட்டின் சுழிபோல வலஞ்சுழியாக வெளிநோக்கி விரிகின்றன. அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களே வட்டாரத்தின் எண்; 75005 என்றால் ஐந்தாவது, 75018 என்றால் பதினெட்டாவது. விளம்பரத்தில் 'பாரிஸ்' என்று போட்டுவிட்டு முகவரியில் 92, 93, 94 என்று தொடங்கும் எண் இருந்தால், அந்த அறை நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. வெளியே தங்குவது தவறில்லை. 2025 ஜனவரி முதல், விமான நிலையங்களுக்கான பயணம் நீங்கலாக, புறநகர் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் தூரம் பாராமல் ஒற்றைப் பயணத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆக்கிவிட்டதால், பயணச்சீட்டுச் செலவும் முன்புபோல ஏறாது. ஆனால் இரவு பதினொரு மணிக்குக் களைத்துத் திரும்பும்போது ஆகும் கூடுதல் நேரத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எந்த இடத்துக்குப் பக்கம் என்பதை அன்று, எந்த ரயில் தடத்துக்குப் பக்கம் என்பதைத்தான். நம் ஊரிலிருந்து போகும் விமானங்கள் பெரும்பாலும் ஷார்ல் த கோல் நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து நகருக்குள் வரும் ஆர்.இ.ஆர். 'பி' என்ற புறநகர் விரைவு ரயில் கார் து நோர், ஷாத்லே, சேன் மிஷேல், லுக்சம்பூர், தான்ஃபேர் ரோஷ்ரோ ஆகிய நிலையங்களில் நிற்கிறது. இவற்றில் ஒன்றிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துபோகும் தூரத்தில் அறை கிடைத்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பாதகமில்லை. பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் இறங்கி, நீண்ட சுரங்க நடையில் நடந்து, மறுபடி படியேறித்தான் தடம் மாற வேண்டும். ஷாத்லேயில் அப்படி மாறுவது ஒரு சிறு யாத்திரை. ஒர்லி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு 2024 ஜூன் முதல் 14-ஆம் மெட்ரோ தடம் நேராக வருகிறது. அதன் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களுடன் போகிறவர்கள் அந்தத் தடத்தை ஒட்டி அறை தேடுவது நல்லது.

வட்டாரங்களைப் பொறுத்தவரை, ஐஃபல் கோபுரம் நிற்கும் ஏழாவது வட்டாரத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வாடகை அதிகம், இரவில் தெரு அடங்கிவிடும், கோபுரமோ சன்னலில் தெரிவதில்லை. முதல் பயணத்துக்கு ஐந்தாவது வட்டாரமும், மூன்றாவது, நான்காவது வட்டாரங்களில் பரவியுள்ள மரே பகுதியும் சிறந்தவை. சேன் நதிக்கரையை ஒட்டிக் கால்நடையாகவே பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு ஆகியவை குடும்பங்கள் வசிக்கும், வாழ்க்கை நடக்கும் வட்டாரங்கள். நான்கு நாள் ரொட்டி தின்று நாக்கு செத்துப்போகிறவர்களுக்குக் கார் து நோரின் பின்புறம் இருக்கிறது, நம்மவர்கள் வாய்க்கு வந்தபடி 'லாச்சப்பல்' என்று அழைக்கும் பகுதி. ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெருக்களில் கொத்து ரொட்டி தட்டும் ஓசை கேட்கும். அருகில் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு, கோடையின் இறுதியில் தேரும் ஓடும். எனினும் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பணப்பையில் கண் வைத்திருக்க வேண்டும் என்பதால், அங்கே சாப்பிடப் போவதும் தங்குவது வேறு இடத்தில் என்பதும் என் வழக்கம். மோன்மார்த்ர் மேட்டின் படிக்கட்டுகளைக் கண்டு சமவெளிக்காரர்கள் மலைப்பார்கள். மேல் குன்னூரிலிருந்து சந்தைக்கு இறங்கி ஏறுகிற நமக்கு அது பெரிதில்லை.

இனி கட்டடம். இதில்தான் நான் ஏமாந்தேன். அங்கும் நம்மைப் போலத் தரைத்தளத்தை விட்டுவிட்டே மாடியை எண்ணுகிறார்கள். ஆறாம் மாடி என்றால் ஆறு மாடி ஏறியாக வேண்டும். பழைய கட்டடங்களின் உச்சியில், ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களைத் தங்கவைத்த சிறு அறைகள் இருக்கின்றன. படத்தில் சாய்வுக் கூரையும் சிறு சன்னலும் அழகாகத்தான் இருந்தன. தேய்ந்து நடுவில் குழிந்த மரப்படிகளில், 23 கிலோ பெட்டியை நான் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினோம். மேலே போனால் துத்தநாகத் தகட்டுக் கூரை. நம் வீட்டுத் தகரக் கூரையில் மழைச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறோம். மின்விசிறியே இல்லாத வீட்டில் வளர்ந்த நாங்கள் ஜூலை வெயிலில் அந்தக் கூரையின் கீழ் இரவெல்லாம் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது என்பதைப் பிறகுதான் படித்தேன். கோடையில் போகிறவர்கள் லிஃப்ட், குளிர்சாதனம் ஆகிய இரண்டையும் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறையின் பரப்பையும் பார்க்க வேண்டும். ஒன்பது சதுர மீட்டர் என்பது நூறு சதுர அடிக்கும் குறைவு.

தனியார் வீட்டை எடுப்பதானால், நகராட்சியில் பதிவு செய்து பெற்ற எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு என்று தனியாகத் தங்கல் வரி உண்டு. அது விலைக்குள் அடங்கியதா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால், விசா கையில் வரும்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்ய வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவோருக்கு, அந்த உறவினர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி வரவேற்புச் சான்று பெற்று, அதன் அசலை அஞ்சலில் அனுப்ப வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

பணம் கட்டிய பிறகு கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பல கட்டடங்களின் தெருக்கதவு சாவியால் திறப்பதில்லை, எண் பலகையில் குறியீட்டை அழுத்தினால்தான் திறக்கும். முற்றத்தைக் கடந்து உள்ளே போனால் சில இடங்களில் இரண்டாவது கதவும் இரண்டாவது குறியீடும் இருக்கும். வீட்டுக்காரர் எங்களுக்கு முதலாவதை மட்டுமே அனுப்பியிருந்தார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே பெட்டியின் மேல் உட்கார்ந்து, நாயுடன் உலாவப் போன கீழ்வீட்டுப் பாட்டி திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இரண்டையும் முன்கூட்டியே வாங்கி, கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.