கப்பல்ல இருக்கேன், உங்க பைக் வேணும்னு மெசேஜ் வந்தா

யூகே வந்த ஆறேழு மாசத்துல நம்ம பசங்க நெறைய பேரு ஒரு 125 சிசி வண்டி வாங்கிடுறாங்க. ப்ரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, சிபிடிங்கிற ஒருநாள் அடிப்படை பைக் ட்ரெய்னிங் முடிச்சா போதும், எல் போர்டு ஒட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டலாம், நைட் ஷிப்ட் முடிச்சு பஸ் ஸ்டாப்ல நடுங்கிக்கிட்டு நிக்க வேண்டாம். அப்புறம் ஒரு நவம்பர் மழை முழுசா நனைஞ்சதும், இன்சூரன்ஸ் ரினியூவல் லெட்டர்ல இருக்குற தொகைய பாத்ததும் வித்துடலாம்னு தோணும். அந்த சமயத்துல தான் இந்த மோசடி ஆளுங்க வருவாங்க. குளிர்காலத்துல பைக் வாங்க லோக்கல்ல யாரும் திரும்பிப் பாக்க மாட்டான், வர்றவனும் பாதி விலைக்கு கேப்பான், அப்போ ஒருத்தன் பேரமே பேசாம கேட்ட விலைக்கு வாங்கிக்கிறேன்னா மனசு அங்க போகத்தானே செய்யும்.

ஈஸ்ட் ஹாம்ல என் கூட ஒரே வீட்ல இருந்த தம்பிக்கு நடந்தத சொல்றேன். திருநெல்வேலி பக்கம் ஊரு, வந்து பத்து மாசம் தான். ஹோண்டா பிசிஎக்ஸ் ஸ்கூட்டர், 1,900 பவுண்டுன்னு ஆறு போட்டோ போட்டு ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் விளம்பரம் போட்டான். இருபது நிமிஷத்துல மெசேஜ், "ஐட்டம் இன்னும் இருக்கா"ன்னு. பைக்குன்னு இல்ல, ஹோண்டான்னு இல்ல, ஐட்டம். இவன் இருக்குன்னான். அந்த ஆளு மெரைன் இன்ஜினியராம், நடுக்கடல்ல இருக்காராம், நேர்ல வர முடியாதாம், ஸ்பெயின்ல இருக்குற மகனுக்கு பிறந்தநாள் பரிசாம். விளம்பரத்த உடனே எடுத்துடுங்க, அதுக்கு 50 பவுண்டு சேத்து தரேன், வண்டிய எடுத்துட்டுப் போக என் ஷிப்பிங் ஏஜெண்ட் வருவாரு, அவருக்கான 640ஐயும் உங்களுக்கே அனுப்பிடுறேன், நீங்க அவருக்கு மாத்தி விட்ருங்கன்னு எழுதியிருந்தான். கூட்டிப் பாத்தா 2,590 பவுண்டு.

ராத்திரி நான் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன், போனை தூக்கிட்டு கிச்சனுக்கு ஓடி வர்றான், "அண்ணா காசு வந்துட்டு அண்ணா". எங்கடா வந்துச்சு காட்டுன்னா ஒரு ஈமெயிலை காட்டுறான். பேமெண்ட் கம்பெனி லோகோ எல்லாம் சூப்பரா இருக்கு, 2,590 வந்திருக்குன்னும், ஷிப்பிங் ஏஜெண்டுக்கு 640 அனுப்பின ரசீதை இந்த மெயிலுக்கே அனுப்பினா தான் தொகை ரிலீஸ் ஆகும்னும் போட்டிருக்கு. அனுப்பினவர் பேரை தொட்டுப் பாத்தா உள்ள அட்ரஸ் ஜிமெயில்ல முடியுது. சரி ஆப்பை திற, பேலன்ஸ் பாருன்னேன். சைபர். "அது ஹோல்டுல இருக்கு அண்ணா, மெயில்லயே போட்ருக்கே"ன்னு எனக்கே பாடம் எடுக்குறான்.

நான் ஒரு வேலை பண்ணேன். அவன் போன்லயே அந்த ஆளுக்கு, போட்டோல இருக்குற சைடுகார் விலைல சேராது, அது தனி, ஓகேவான்னு அடிச்சேன். பிசிஎக்ஸ்ல ஏதுங்க சைடுகார்? ரெண்டு நிமிஷத்துல பதில்: "ஓகே டியர், நோ ப்ராப்ளம், ஏஜெண்டுக்கு பணம் அனுப்பியாச்சா?" தம்பி மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, இது நமக்கு புதுசே இல்ல. ஊர்ல ஓஎல்எக்ஸ்ல சோபா விக்கப் போட்டா, நான் ஆர்மில இருக்கேன், நேர்ல வர முடியாது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க உங்களுக்கு காசு வரும்னு ஒருத்தன் சொல்வான்ல, அவனே தான் இங்க கப்பல் ஏறிட்டான். அங்க யூபிஐ பின்னு கேப்பான், இங்க ஏஜெண்ட் பீஸ் கேப்பான். விக்கிறவன் கைல இருந்து காசு வெளிய போகவே கூடாது, ஷிப்பிங்க்கு, கஸ்டம்ஸ்க்கு, அக்கவுண்ட் அப்கிரேடுக்குன்னு என்ன பேர் வெச்சாலும் சரி. நிஜமா வாங்குறவனுக்கு அவன் ஷிப்பிங் கம்பெனிக்கு அவனே கட்டத் தெரியும்.

தம்பி காசு அனுப்பலன்னு தெரிஞ்சதும் மறுநாள் இன்னொரு மெயில், நீங்க பரிவர்த்தனைய முடிக்கல, போலீசுக்கும் இமிகிரேஷனுக்கும் தகவல் போகும்னு. புதுசா வந்தவங்க மாட்டிக்கிறது இங்க தான், விசான்னு ஒரு வார்த்தை வந்தாலே கை நடுங்கிடும். விக்காம போனதுக்காக உங்க விசாவை யாரும் தொட மாட்டாங்க. பதில் போடாதீங்க, ப்ளாக் பண்ணுங்க. எஸ்எம்எஸ்ஸா வந்திருந்தா மோசடி மெசேஜ் பத்தி புகார் பண்ற 7726க்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க, அது ப்ரீ.

இதுல ஒரு மோசமான வகை இருக்கு, அதுல காசு நிஜமாவே உங்க அக்கவுண்டுக்கு வரும். 1,900க்கு பதிலா 3,400 வந்திருக்கும், தெரியாம கூட அனுப்பிட்டேன், மிச்சத்த இந்த அக்கவுண்டுக்கு போடுங்கம்பான். வந்த காசு வேற ஒருத்தர ஏமாத்தி எடுத்ததா இருக்கும், அத நீங்க கை மாத்தி விட்டா இங்க உங்களுக்கு மணி மியூல்னு பேரு. பேங்க் அக்கவுண்ட மூடிடும், சிஃபாஸ்ங்கிற மோசடி தடுப்பு அமைப்போட பதிவுல ஆறு வருஷம் உங்க பேர்ல மார்க் நிக்கும், அப்புறம் புது அக்கவுண்ட், லோன், போன் கான்ட்ராக்ட் எல்லாமே திண்டாட்டம். தெரிஞ்சே செஞ்சதா கேஸ் ஆனா 14 வருஷம் வரைக்கும் ஜெயில். அதனால கூடுதலா வந்தா நீங்களா திருப்பி அனுப்பாதீங்க. பேங்குக்கு போன் போட்டு, தெரியாத காசு வந்திருக்கு, வந்த எடத்துக்கே அனுப்பிடுங்கன்னு சொல்லிடுங்க, அதுவரைக்கும் தொடாதீங்க. வாங்குறவன் பேரு ஒண்ணு, அனுப்புற அக்கவுண்ட் பேரு வேற ஒண்ணுன்னாலும் இதே கதை தான்.

பேபால்ல வாங்கிக்கலாமான்னு கேப்பீங்க. நான் வேண்டாம்னு தான் சொல்வேன். வாங்கினவன் 180 நாள் வரைக்கும் டிஸ்ப்யூட் போடலாம், வண்டிய ஆள் விட்டு நேர்ல எடுத்துட்டுப் போனா உங்களுக்கு செல்லர் ப்ரொடெக்ஷனும் கிடையாது, ஏன்னா அனுப்பினதுக்கு ப்ரூஃப் இல்லையே. வண்டியும் போய் காசும் போயிடும். வெளிநாட்டு செக்கும் வேண்டாம், பாஸாக வாரக்கணக்குல ஆகும், பேலன்ஸ்ல தெரிஞ்ச பிறகும் திரும்பி வரலாம்.

அதுக்காக வெளிநாட்டுல இருந்து கேக்குறவன் எல்லாம் திருடன் இல்ல. பழைய ட்ரையம்ப், பிஎஸ்ஏ மாதிரி வண்டிகளுக்கு நிஜமாவே வெளிய ஆள் இருக்காங்க. அவங்க பேச்சே வேற மாதிரி இருக்கும், ஃப்ரேம் நம்பர் இன்ஜின் நம்பர் போட்டோ கேப்பாங்க, இன்ஜின் ஆறிப் போய் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி வீடியோ அனுப்புங்கன்னு உசுர வாங்குவாங்க, எம்ஓடிங்கிற வருஷாந்திர வண்டி டெஸ்ட் ஹிஸ்டரிய அவங்களே நெட்ல பாத்துட்டு 2021ல டயர கவனிக்கச் சொல்லி அட்வைசரி வந்திருக்கே மாத்தினீங்களான்னு கேப்பாங்க, விலைய குறைக்கச் சொல்லி ஒரு வாரம் இழுப்பாங்க. இப்படி தொந்தரவு பண்றவன நம்பலாம். வீடியோ கால்ல வண்டிய காட்டுங்க, அவன் மூஞ்சியையும் காட்டச் சொல்லுங்க. பேங்க் டு பேங்க் இன்டர்நேஷனல் ட்ரான்ஸ்ஃபர் மட்டும் தான்னு முதல்லயே சொல்லிடுங்க. அதுக்கு உங்க பேரு, ஐபான் (இன்டர்நேஷனல் அக்கவுண்ட் நம்பர்), பிக் கோடு (உங்க பேங்கோட கோடு) இது போதும், கார்டு நம்பர், பின்னால இருக்குற மூணு நம்பர், ஓடிபி எதுவும் தேவையே இல்ல, கேட்டா அங்கயே முடிச்சுக்கோங்க. காசு வந்ததும் மெயில பாக்காதீங்க, ஆப்ப பாருங்க, அப்புறம் பேங்குக்கும் போன் பண்ணி இது க்ளியர் ஆன காசு தானான்னு கேட்டுட்டு வண்டிய விடுங்க. ஒரு நாள் லேட்டானா நிஜமான ஆள் கோவிச்சுக்க மாட்டான்.

பேப்பர் விஷயம். நம்ம ஊரு ஆர்சி புக் மாதிரி இங்க வி5சி, லாக் புக்னு சொல்வாங்க. ஆனா அது ஓனர்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, ரெஜிஸ்டர்டு கீப்பர் யாருங்கிறத மட்டும் தான் சொல்லும், அதனால ரெண்டு ரசீது எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கணும். அந்த லாக் புக்ல 11 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கு, அத வெச்சு தான் டிவிஎல்ஏகிட்ட (நம்ம ஊரு ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி) ஆன்லைன்ல கீப்பரையே மாத்துவோம். ப்ரூஃப் காட்டு ப்ரூஃப் காட்டுன்னு கடல்ல இருக்குறவன் கேட்டதும் முழு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புற ஆளுங்கள பாத்திருக்கேன், ஐயோ. அந்த நம்பர கட்டாயம் மறைங்க.

இந்த நாட்டுக்குள்ளயே வித்தா ஆன்லைன்ல அன்னைக்கே டிவிஎல்ஏக்கு சொல்லிட்டு, புது கீப்பருக்கான பச்சை ஸ்லிப்ப கிழிச்சு வாங்குறவர் கைல குடுக்கணும். வெளிநாட்டு ஆளுக்குன்னா கணக்கு வேற, அவர் பேரு அட்ரஸ் எழுதி, பெர்மனென்ட் எக்ஸ்போர்ட்னு இருக்குற பகுதிய நிரப்பி கிழிச்சு ஸ்வான்சீல இருக்குற டிவிஎல்ஏக்கு தபால்ல அனுப்பணும், மிச்ச லாக் புக் அவருக்குப் போகணும், அவர் ஊர்ல ரெஜிஸ்டர் பண்ண அது வேணும். அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. சொல்லாம விட்டா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம், அது போக அவன் ஸ்பீட் கேமராவுல மாட்டினா லெட்டர் உங்க வீட்டுக்கு வரும். ஃபைனான்ஸ்ல எடுத்த வண்டின்னா கடன் முடியாம விக்கவே கூடாது.

நேர்ல வர்றவங்கள பத்தி சுருக்கமா. டெஸ்ட் ரைடு கேட்டா லைசென்ஸ், இன்சூரன்ஸ் பாத்துட்டு, முழுக் காசும் உங்க கைல இருந்தா தான் சாவி. கேஷ்னா உங்க பேங்க் கிளைக்குள்ள வெச்சு வாங்குங்க, பேப்பர் 20, 50 நோட்டெல்லாம் 2022 செப்டம்பரோட செல்லாம போச்சு, ப்ளாஸ்டிக் நோட்டு மட்டும் தான். வீட்டுக்குள்ள கூப்பிட வேண்டாம், வண்டிய எங்க நிறுத்துறீங்கன்னு எல்லாருக்கும் தெரியணும்னு என்ன இருக்கு.

ஏற்கனவே காசு அனுப்பிட்டீங்கன்னா வெக்கப்பட்டுக்கிட்டு ரூம்ல உக்காராதீங்க. 159க்கு போன் பண்ணுங்க, நம்மள நம்ம பேங்குக்கே கனெக்ட் பண்ணும், பெரும்பாலான பெரிய பேங்க் எல்லாம் அதுல இருக்கு. 2024 அக்டோபர் 7ல இருந்து இங்க ஒரு ரூல் இருக்கு, ஏமாத்தி அனுப்ப வெச்ச காசு யூகே அக்கவுண்டுல இருந்து யூகே அக்கவுண்டுக்கு போயிருந்தா 85,000 பவுண்டு வரைக்கும் பேங்க் திருப்பித் தரணும், 100 பவுண்டு வரைக்கும் பிடிச்சுக்கலாம், 13 மாசத்துக்குள்ள கேக்கணும். ஆனா பேங்க் எச்சரிச்சும் ரொம்ப அலட்சியமா நடந்துக்கிட்டீங்கன்னா மறுக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பினது இதுல வராது. அதனால தான் அந்த "ஏஜெண்ட்" வெளிநாட்டு அக்கவுண்டோ கிஃப்ட் கார்டோ கேட்டா இன்னும் உஷாராகணும்.

தம்பி வண்டி கடைசில ஜனவரில போச்சு. மேனர் பார்க் முருகன் கோவில் பக்கத்துல இருந்து ஒரு டெலிவரி பையன் வந்தான், பிரேசில்காரன், முக்கா மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு செயின் இல்லாத வண்டில செயின் தேடுன மாதிரி எல்லாத்தையும் பாத்தான், 1,900ஐ 1,650க்கு இழுத்துட்டு வந்தான், எங்க கண்ணு முன்னாடியே ட்ரான்ஸ்ஃபர் போட்டான், தம்பி ஆப்ல டிங்னு வந்துச்சு. ரோட் டேக்ஸ்ல மீதி இருந்த முழு மாசத்துக்கு டிவிஎல்ஏ தானா செக் அனுப்பும், பத்து பவுண்டு சொச்சம் தான், ஆனா லாக் புக்ல இருக்குற அட்ரசுக்கு தான் போகும், அதனால ரூம் மாறியிருந்தா விக்கிறதுக்கு முன்னாடியே அட்ரச மாத்திடுங்க. இவன் மாத்தாம விட்டு, பழைய வீட்டு குஜராத்தி ஆன்ட்டி கிட்ட ரெண்டு தடவ போய் கேட்டு வாங்கிட்டு வந்தான்.