ராமேஸ்வரத்தில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர். நாலைந்து பேர் பெட்ரோல் காசைப் பிரித்துக்கொண்டு, ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கும் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ நண்பர் வீட்டில் தங்கினால் செலவு நன்றாகவே குறையும். ஆனால் பலர் மிச்சம் பிடிக்கும் காசு அந்த நண்பர் வீட்டுத் தலையில்தான் விழுகிறது.

முதலில் தண்ணீர். தீவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் விலை கொடுத்து வாங்கும் வீடுகள் உண்டு. கடலில் ஆடிவிட்டு வந்து, வாசலில் இருக்கும் குடத்தில் சொம்பை முக்கிக் கால் மணலைக் கழுவினால், அந்த வீட்டு அம்மா முகம் சுளிக்க மாட்டார். பேசாமல் காலிக் குடத்தை எடுத்து உள்ளே வைப்பார். எது குடிக்க, எது புழங்க என்று போனதுமே கேட்டுவிடுங்கள். வழியில் ராமநாதபுரத்திலேயே இரண்டு கேன் தண்ணீரும் காய்கறியும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. இனிப்புப் பெட்டியைவிட அதற்குத்தான் அங்கே மதிப்பு.

அடுத்தது மீன். தீவுக்குப் போனால் தினமும் மீன் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறிக் கிடக்கும். படகு கரையில் நிற்கும்போது "நண்டு கிடைக்குமா மாப்ள?" என்று அந்த வீட்டில் கேட்பது அநியாயம். ஆசை இருந்தால் காலையில் நண்பரோடு கரைக்குப் போய், உங்கள் காசில் வாங்குங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைப் பக்கம் தேதி குறிக்க வேண்டாம். கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். சாதாரண நாளிலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆடினால் ஈரத்துணியோடு சந்நிதிக்கு விட மாட்டார்கள், மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். காரில் விட்டுவிட்டு வந்தால் சொட்டச் சொட்ட அலைய வேண்டியதுதான்.

பாம்பன் சாலைப் பாலத்தில் செல்ஃபிக்காக வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். வேண்டாம். 1988-இல் திறந்த பாலம் அது, பஸ்ஸும் லாரியும் போய்வர இருக்கும் ஒரே சாலை.

தனுஷ்கோடியைச் சாயங்காலத்துக்கு வைப்பதும் வழக்கமான தவறு. 1964 புயலுக்குப் பிறகு அது ஊராகவே மீளவில்லை. இருட்டும் முன்பே போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும். விடிந்ததும் கிளம்புங்கள், டீசலோ பெட்ரோலோ ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியைத் தாண்டி சாலை முடியும் அரிச்சல்முனையில் கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். இழுவை பலமாக இருக்கும். குளிக்க, கோயிலுக்குப் பக்கத்துக் கடற்கரையான அக்னி தீர்த்தம் போதும்.